மார்கழியில் மயங்கும் பேட்டரி



புதுக்கோட்டைச் சீமையில் இருந்துகொண்டு ஒருவன் குளிரைப் பற்றிக் கட்டுரை எழுதத் துணிந்தால் நீங்கள் நகைப்பீர்கள். நகைப்பதற்கு நியாயமும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெப்பம் நாற்பது டிகிரியை எட்டிப் பிடிக்கும் மாவட்டம் இது. மார்கழி விடியலில்கூட இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊர்க் காற்றை, நீலகிரியில் வாழ்பவர் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆயினும், சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களில் மார்கழியும் தையும் வந்துவிட்டால் ஒரே புலம்பலைக் கேட்கலாம்: “காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. குளிரில் பேட்டரி போய்விட்டது!”

குளிர்தான் பேட்டரியைக் கெடுக்கிறது என்னும் இந்த எண்ணம் பாதி மட்டுமே சரி. மறுபாதியை அறியாத காரணத்தால் உழைத்துச் சேர்த்த பணம் எவ்வாறு வீணாகிறது என்பதை, என் தங்கை வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு உங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

நான் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன். வேதியியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன பாடம். ஆகவே இங்கே நான் கூறும் தொழில் நுணுக்கங்கள் யாவும், அறந்தாங்கியில் நாற்பது ஆண்டுகளாக வண்டிகளுக்கு மின்வேலை செய்துவரும் ஒரு பெரியவரின் பட்டறையில் நின்று கேட்டவையும், பின்னர் நூல்களைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டவையுமே ஆகும்.

என் தங்கையின் கணவர் ஆறு சக்கர லாரி ஒன்றைப் பழைய வண்டியாகத் தவணையில் வாங்கி, தாமே ஓட்டி வருகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் எஞ்சியவையும் அதன்பின் ஊன்றியவையுமான கீரமங்கலம் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றி, திருச்சி, கரூர் வழியாக மேட்டுப்பாளையம் சென்று, அங்கிருந்து உதகை வரை ஏறி இறக்குவார். திரும்பும்போது கேரட்டோ உருளைக்கிழங்கோ கிடைக்கும். போக்கிலும் வரத்திலும் லோடு இருந்தால்தான் தவணை கட்ட முடியும்.

சென்ற மார்கழியில், உதகையில் இரவு நிறுத்திய லாரி காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற ஓசை மட்டுமே. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் தம் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உதவ, வண்டி உயிர் பெற்றது. சமவெளிக்கு இறங்கியபின் ஒரு குறையும் இல்லை. அறந்தாங்கியில் மூன்று நாட்கள் ஓடியது. ஒவ்வொரு முறையும் செல்ஃப் எடுத்தது. மறுபடி உதகை ஏறியதும் மறுபடி அதே கதை. இம்முறை உதவ ஆள் கிடைப்பதற்குள் முற்பகல் ஆகிவிட்டது. ஏற்ற வேண்டிய காய்கறி லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது, காலியாகத் திரும்பினார்.

ஊருக்கு வந்து ஒரு கடையில் காட்டியதற்கு, இரண்டு பேட்டரியும் தீர்ந்துவிட்டன, புதிய ஜோடி போட வேண்டும் என்று முப்பதாயிரத்தை நெருங்கும் ஒரு தொகையைச் சொன்னார்கள். அவ்வளவு முடியாதென்றால் இப்போதைக்குச் செல்களில் ஆசிட் ஊற்றித் தருகிறோம் என்ற மாற்று யோசனையும் வந்தது. என் தங்கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் யோசனை கேட்டாள். “வளையல் எங்கேயும் போகாது. முதலில் நோய் என்னவென்று தெரியட்டும்” என்று கூறி, மைத்துனரையும் வண்டியையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் போனேன்.

அவர் முதலில் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை; கேள்விகள் கேட்டார். வண்டி எந்த இடத்தில் மக்கர் செய்தது? எத்தனை மணி நேரம் நின்றிருந்தது? பேட்டரிக்கு வயது என்ன? கடைசியாகத் தண்ணீர் விட்டது எப்போது? இதற்குமுன் வண்டி என்ன லோடு ஓடியது? நான்காவது கேள்விக்கு மைத்துனரால் தேதி சொல்ல இயலவில்லை. ஐந்தாவதற்கு, “கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏற்றிய வண்டி” என்றார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஹஜ்ரத், குளிரு புதுசா எதையும் கெடுக்காது. வெயில்ல கெட்டதைக் குளிரு காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

வாசக அன்பர்களே, பேட்டரி என்னும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நடப்பது என்ன? ஈயத் தகடும், ஈய டை ஆக்சைடு பூசிய தகடும், அவற்றுக்கிடையே நீர் கலந்த கந்தக அமிலமும்தான் அதன் குடும்பம். மின்சாரம் வெளியேறும்போது அமிலத்தின் சாரம் இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டாகப் படிகிறது. எஞ்சும் திரவம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் கரைந்து, அமிலம் மீண்டும் வலுப்பெறுகிறது. 1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டறிந்த ஏற்பாடு இது. 1912-இல் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தபிறகே, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் துன்பம் மெல்ல மறையத் தொடங்கியது. நம் ஊர்ப் பழைய பஸ்களில் கண்டக்டரோ கிளீனரோ அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்டியதைக் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தத் துறை நமக்கு அயலானதே அன்று. திருமயத்தைத் தாண்டினால் காரைக்குடி. அங்கே வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேட்டரிகளை ஆராய்வது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. அதன் வாசல் வழியே எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறோம்! நம் வண்டிக்கடியில் இருக்கும் பெட்டியைப் பற்றித்தான் உள்ளே ஆராய்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இனிக் குளிரின் செயலைப் பார்ப்போம். வெப்பம் குறையக் குறைய, பேட்டரிக்குள் நிகழும் வேதிவினை மந்தமாகும். தண்ணீர் உறையும் நிலையான பூஜ்ஜியம் டிகிரியில், நல்ல பேட்டரியும் தன் கிளப்பும் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். அதே வேளையில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, சுற்றுவதற்கு அதிக வலிமை கேட்கும். டீசல் எஞ்சினுக்கோ தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றித்தான் எரிபொருளைப் பற்ற வைக்கிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடுவதால், வேகமாகச் சுற்றினாலன்றி அது பற்றாது. கொடுப்பவனிடம் குறைவாக இருக்கும் நேரத்தில் கேட்பவன் கூடுதலாகக் கேட்கிறான்.

ஆனால் இழந்த அந்த வலிமை, வெயில் ஏறியதும் திரும்பி வந்துவிடும். வெப்பம் செய்யும் தீங்கு அப்படித் திரும்புவதன்று. பத்து டிகிரி வெப்பம் கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலாளர்களிடையே வழங்கும் கணக்கு. வெயிலில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது. நேர்முனைத் தகட்டின் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது. நீர்மட்டம் தாழ்ந்து தகட்டின் மேல்முனை வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி காய்ந்து, கடினப்பட்டு, பிறகு தண்ணீர் விட்டாலும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இதற்காகவே வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அமிலத்தைச் சற்று மென்மையாக ஊற்றும் வழக்கமும் உண்டு. குளிர் நாட்டில் 1.280 என்றிருக்கும் ஒப்படர்த்தி இங்கே 1.240 அளவில் வைக்கப்படும். சித்திரையில் பட்ட காயத்தோடும் அந்தப் பேட்டரி ஐப்பசி வரை எப்படியோ ஒப்பேற்றிவிடும். சமவெளியில் எஞ்சினைக் கிளப்ப அதன் மிச்ச வலிமையே போதும். உதகையின் உறைபனி விடியலில்தான் கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்பைப் பெரியவர் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவினார். கழுவுநீர் செல்லுக்குள் இறங்கினால் அமிலம் வலுவிழக்கும் என்பதால் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொண்டார். லாரிகளில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து இருபத்து நான்கு வோல்ட் எடுப்பார்கள். அந்த இணைப்பைக் கழற்றி, இரண்டையும் ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு, மறுநாள் தனித்தனியே மீட்டர் வைத்தார். நன்கு சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டுமாம். இவை இரண்டும் 12.3-ஐ ஒட்டியே நின்றன. பாதியளவு சார்ஜ் என்று பொருள். “பட்டினி கிடக்கிறது, செத்துவிட்டதா என்று இன்னும் தெரியவில்லை” என்றார்.

அடுத்து ஹைட்ரோமீட்டர். உறிஞ்சு குழலுக்குள் ஒரு மிதவை. அமிலம் வலுவாக இருந்தால் மிதவை உயரும், நீர்த்திருந்தால் தாழும். ஒரு பேட்டரிக்கு ஆறு செல்கள்; இரண்டுக்கும் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பதினோரு செல்களில் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. இரண்டாம் பேட்டரியின் ஒரு செல் மட்டும் தாழ்ந்து கிடந்தது. அதன் மூடியைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். தகடுகளின் தலை நீருக்கு மேலே வெளுத்துத் தெரிந்தது.

டிஸ்டில்டு வாட்டரைத் தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் விட்டு, மெல்லிய மின்னோட்டத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சார்ஜ் ஏற்றினார். நூறு ஆம்பியர்-மணிப் பேட்டரியென்றால் பத்து ஆம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. சார்ஜ் முடிந்தபின் நீர்மட்டத்தைக் குறியளவுக்கு நிரப்பினார். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும் என்பதால் அந்தப் பக்கம் பீடியோடு வந்த ஒரு கிளீனரை அவர் விரட்டிய விரட்டு எனக்கு நன்கு நினைவிருக்கிறது. மறுநாள் மறுபடி அளந்தபோது பதினோரு செல்களும் 1.240-க்கு உயர்ந்திருந்தன. அந்த ஒன்று மட்டும் 1.180-ஐத் தாண்டவில்லை. செல்களுக்கிடையே 0.050-க்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தப் பேட்டரியை நம்பக் கூடாது.

ஆசிட் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். அமிலத்தை ஊற்றினால் மிதவை உயரும், பார்ப்பவர் மனம் குளிரும், தகடு இன்னும் விரைவாக அரிந்து போகும் என்று விளக்கினார். ஆவியாகிப் போவது தண்ணீர்தான்; அமிலம் ஆவியாவதில்லை. ஆகவே சிந்தாத பேட்டரிக்குத் தண்ணீரைத் தவிர வேறெதையும் விட வேண்டிய தேவையே வராது. முன்பு சொன்ன கடையின் மாற்று யோசனையை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

பன்னிரண்டில் ஒரு செல் பழுது என்று தெரிந்தாயிற்று. ஆனால் மற்றவை ஏன் பட்டினி கிடந்தன? இந்தக் கேள்வியைக் கேட்காமல் புது ஜோடியைப் போட்டிருந்தால், அடுத்த மார்கழியில் அதுவும் மயங்கியிருக்கும். பேட்டரிகளை வண்டியில் மாட்டி, டீசல் அடைத்து, எஞ்சின் பற்றாதவாறு செல்ஃப் மட்டும் அடிக்கச் சொன்னார். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்தார். இரண்டும் கேபிளால் பிணைந்தவை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மூன்று வோல்ட் காட்டியது! எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றி உறையை அறுத்தபோது, வெளியே பளபளப்பாக இருந்த கேபிளுக்குள் செம்பு இழைகள் பச்சைப் பொடியாகியிருந்தன. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடிந்த உப்புநீரின் வேலை அது. மீன் வண்டி என்று மைத்துனர் சொன்னபோது பெரியவர் தலையாட்டியதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

இந்த ஒரு கேபிள் இரண்டு வழியிலும் களவாடியிருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பாயும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தில் மூன்று வோல்ட்டை இடையிலேயே விழுங்கியது. ஓடும்போது ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்திலும் அரை வோல்ட் போலக் குறைத்தே பேட்டரிக்கு அனுப்பியது. அரை வோல்ட்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இருபத்தெட்டு வோல்ட்டில் நிறைய வேண்டிய ஜோடிக்கு அந்தக் குறை மாதக்கணக்கில் நீடித்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். குளிரில் பேட்டரி சார்ஜை ஏற்பதிலும் சுணங்கும் என்பதால் மலைப்பாதையில் குறை இன்னும் பெருகும்.

பட்டினி கிடக்கும் பேட்டரிக்குக் கடுங்குளிரில் வேறோர் ஆபத்தும் உண்டு. நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் ஐம்பது டிகிரியிலும் உறையாது; காலியானதோ மைனஸ் ஏழு, எட்டு டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடக் கூடும். உதகை வரை போகிறவருக்கு இந்த அச்சம் தேவையில்லை. காஷ்மீர், லடாக் என்று லோடு போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே டீசலே கெட்டிப்பட்டுவிடுவதால், மைனஸ் முப்பத்து மூன்று டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

புதிய எர்த் கேபிளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. பழுதான பேட்டரிக்குப் பதிலாகப் புதியதொன்றைப் பழையதோடு இணைப்பதை அவர் ஒப்பவில்லை. தொடரில் இருக்கும் இரண்டும் ஒத்த வயதும் ஒத்த வலிமையும் உடையனவாக இல்லாவிட்டால், நிறைந்தது கொதிக்கும், நிறையாதது பட்டினி கிடக்கும். சில நாட்கள் தேடி, விபத்தில் சிக்கிய ஒரு வண்டியிலிருந்து ஏறத்தாழ அதே வயதுடைய ஒன்றை, ஆறு செல்களும் அளந்து பார்த்து வாங்கிக் கொடுத்தார். கூலியோடு சேர்த்து மொத்தச் செலவு ஆறாயிரத்துக்குள் அடங்கிற்று. தங்கையின் வளையல் பெட்டிக்குள் போனது. தை மாதம் மைத்துனர் உதகையில் மூன்று இரவுகள் நிறுத்தியிருக்கிறார். மூன்று காலையிலும் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எடுத்ததாகத் தொலைபேசியில் கூறினார்.

மூடி இல்லாத, தண்ணீர் விடத் தேவையில்லாத பேட்டரிகளும் இப்போது பரவலாக வந்திருக்கின்றன. அவற்றில் ஹைட்ரோமீட்டரை நுழைக்க இயலாது. ஓய்ந்திருக்கும்போதும் செல்ஃப் அடிக்கும்போதும் வோல்ட் பார்த்துத்தான் அறிய வேண்டும். எந்த வகையானாலும் கேபிளைச் சோதிக்கும் முறை ஒன்றே. ஆகவே, பேட்டரி போய்விட்டது என்று யாரேனும் கூறினால், எத்தனை செல் அளந்தீர்கள், எர்த் கேபிளில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்னும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. இதில் பெண்களுக்கும் பங்குண்டு. என் தங்கை டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றை வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறாள். பங்குனி முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பன்னிரண்டு மூடிகளையும் திறந்து பார்த்து, நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் வண்டி லோடுக்குக் கிளம்ப வேண்டும் என்பது அவள் போட்டிருக்கும் சட்டம்.

இந்த ஜோடி அடுத்த மார்கழிக்குத் தாங்குமா என்று பெரியவரிடம் கேட்டேன். “வைகாசி கழியட்டும் ஹஜ்ரத், மறுபடி அளந்து பார்த்துச் சொல்றேன்” என்றார்.